கும்பிடுபூச்சி எவ்வளவு நாள் வாழும்? சேலத்திலும் ஏற்காட்டிலும் வளர்ப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கும்பிடுபூச்சி வளர்க்கிறேன் என்று சொன்னதும் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துத் தோட்டங்களில் கிடைக்கும் பெரிய பச்சைக் கும்பிடுபூச்சி பெண்ணாக இருந்தால், முட்டைக்கூட்டிலிருந்து வெளியே வந்த நாள் முதல் சுமார் 9 மாதத்திலிருந்து 1 வருடம் வரை வாழும். ஆணாக இருந்தால் 6 முதல் 8 மாதம். இதைப் பெரிதாக நீட்டிக்க எந்த மருந்தும் சத்துப் பொடியும் கிடையாது. ஆனால் குறைக்க எத்தனையோ வழி இருக்கிறது. தப்பான மூடி, மூலையில் எரியும் கொசுவத்தி, மே மாத மொட்டை மாடி அறை, இதில் ஏதாவது ஒன்று போதும். "வயசாயிடுச்சு, செத்துப்போச்சு" என்று சொல்லப்படும் பல பூச்சிகள் முதுமை வரை போனதே இல்லை. அதற்குரிய ஒரு வருடத்தை அது முழுசாக வாழ நாம் என்ன செய்யலாம் என்பதைத்தான் ஒவ்வொரு படியாகச் சொல்லப் போகிறேன்.

முதல் படி: உங்கள் கைக்கு வந்தபோது அதற்கு என்ன வயது?

இது தெரியாமல் மிச்ச ஆயுளைப் பற்றிப் பேச முடியாது. முதுகைப் பாருங்கள். இறக்கை முழுசாக இருந்தால் அது வளர்ந்த பூச்சி, இனித் தோல் உரிக்காது. இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் சின்ன மொட்டு போல இருந்தால் இன்னும் வளரும் குஞ்சு. அந்த மொட்டு நன்றாக உப்பியிருந்தால் இன்னும் ஒரே ஒரு முறை தோல் உரித்து இறக்கை விரிக்கப் போகிறது. மொட்டே தெரியவில்லை என்றால் சின்னக் குஞ்சு, பல மாதம் உங்களோடு இருக்கும்.

அடுத்து ஆணா பெண்ணா என்று பாருங்கள். கண்ணாடி ஜாடியில் விட்டு அடிவயிற்றைக் கவனித்தால் போதும். வளர்ந்த பெண்ணுக்கு அடிப்பக்கம் 6 வளையங்கள் தெரியும், கடைசி வளையம் பெரிதாக இருக்கும். ஆணுக்கு 8, கடைசி வளையங்கள் சின்னச் சின்னதாக இருக்கும். உடம்பு ஒல்லியாகவும் உணர்கொம்பு நீளமாகவும் இருந்தால் பெரும்பாலும் ஆண்தான்.

ராத்திரி டியூப்லைட்டுக்கு வந்து சுவரில் உட்காரும் கும்பிடுபூச்சியைப் பிடித்து வளர்க்கத் தொடங்குகிறவர்கள் அதிகம். அப்படி வெளிச்சத்துக்குப் பறந்து வருவது பெரும்பாலும் வளர்ந்த ஆண். அதன் மொத்த வாழ்க்கையில் மிச்சமிருப்பது சில வாரங்கள்தான். மூன்று வாரத்தில் அது போய்விட்டால் நீங்கள் எதுவும் தப்பாகச் செய்தீர்கள் என்று அர்த்தமில்லை. நிறைய நாள் வளர்க்க ஆசைப்பட்டால் இறக்கை வராத குஞ்சாகப் பார்த்து எடுங்கள். முருங்கை, கறிவேப்பிலை, செம்பருத்திச் செடிகளில் இலையின் அடிப்பக்கம் தேடினால் கிடைக்கும். ஏற்காட்டில் வீட்டுத் தோட்டத்திலும், தெரிந்தவர்கள் காபித் தோட்டத்தில் அனுமதி கேட்டும் தேடலாம். காப்புக்காட்டுக்குள் போய் எதையும் எடுக்காதீர்கள்.

காட்டுப் பூச்சியில் ஒரு சிக்கலும் உண்டு. நீரோடைப் பக்கம் பிடித்த சில பூச்சிகளின் வயிற்றில் கருப்பு நூல் போன்ற நீளமான புழு வளர்ந்துகொண்டிருக்கும். பூச்சி சாப்பிடும், வயிறும் உப்பலாக இருக்கும், ஆனால் நாளுக்கு நாள் தளர்ந்துபோகும். இதற்கு வைத்தியம் கிடையாது. மனிதர்களுக்கு அந்தப் புழுவால் ஆபத்தில்லை என்பதால் பயப்பட வேண்டாம்.

இரண்டாம் படி: எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள்

உலகத்தில் 2,000-க்கும் மேற்பட்ட கும்பிடுபூச்சி வகைகள் இருக்கின்றன. தென்னிந்தியாவில் வளர்க்கிறவர்கள் கையில் அடிக்கடி வருவது மூன்று.

முதலாவது ஹைரோடூலா என்ற பெரிய பச்சை வகை. வளர்ந்தால் 7 முதல் 9 சென்டிமீட்டர். குஞ்சுப் பருவம் 4 முதல் 6 மாதம் ஓடும். இறக்கை வந்த பிறகு பெண் 4 முதல் 7 மாதமும் ஆண் 2 முதல் 3 மாதமும் இருக்கும். புதிதாக வளர்ப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தீனியில் பிகு செய்யாது, சின்னத் தவறுகளைத் தாங்கும்.

இரண்டாவது கிரியோப்ரோட்டர் என்ற பூக் கும்பிடுபூச்சி. 3, 4 சென்டிமீட்டர்தான், முன்னிறக்கையில் கண் போன்ற வட்டம் இருக்கும். சீக்கிரம் வளரும், சீக்கிரம் முடியும். பெண்ணுக்கே மொத்தம் முக்கால் வருடத்துக்குள்தான்.

மூன்றாவது காய்ந்த குச்சியும் சருகும் சேர்ந்தது போல இருக்கும் காங்கிலஸ். வயலின் பூச்சி என்றும் சொல்வார்கள். தென்னிந்தியா, இலங்கையின் வறண்ட புதர்க்காட்டுப் பூச்சி இது. 30 டிகிரிக்கு மேல் வெயில் பிடிக்கும், பறக்கும் இரைதான் வேண்டும், தரையில் ஊர்வதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நன்றாகத் தீனி கிடைத்தால் கூட்டமாகவும் இருக்கும். மற்ற இரண்டையும் அப்படி வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும், அதனால் ஒரு ஜாடிக்கு ஒன்றுதான். காங்கிலஸ் சேலத்து வெயிலில் சௌகரியமாக இருக்கும், ஏற்காட்டுக் குளிரில் கஷ்டப்படும். ஏற்காட்டுக்காரர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

மூன்றாம் படி: ஜாடி

கும்பிடுபூச்சியின் ஆயுளைத் தீர்மானிப்பது ஜாடியின் உயரம் என்றே சொல்லலாம். அது கூரையில் தலைகீழாகத் தொங்கித்தான் தோல் உரிக்கும். பழைய தோலிலிருந்து வழுக்கிக் கீழே இறங்க அதன் உடம்பு நீளத்தைப் போல இரண்டு மடங்கு இடம் வேண்டும். ஆகவே ஜாடியின் உயரம் குறைந்தது உடம்பு நீளத்தின் 3 மடங்கு, அகலம் 2 மடங்கு. 6 சென்டிமீட்டர் குஞ்சுக்கு 18 சென்டிமீட்டர் உயரம். கடையில் வாங்கும் மிட்டாய் ஜாடி சரியாக இருக்கும்.

மூடியை அப்படியே போடாதீர்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் அதன் கால் நிற்காது. மூடியின் நடுவை வட்டமாக வெட்டி, கொசுவலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். கால் கொண்டி அதில் மாட்டிக்கொள்ளும், காற்றும் வரும். இரும்பு வலை வேண்டாம், கால் நுனி சிக்கி ஒடிந்துவிடும். உள்ளே சாய்வாக ஒரு சொரசொரப்பான குச்சி, அடியில் கொஞ்சம் தேங்காய் நார் அல்லது டிஷ்யூ பேப்பர். அவ்வளவுதான். உள்ளே நிறையச் செடி, பொம்மை எல்லாம் வைத்து அழகு பார்க்கிறார்கள். தொங்கும் இடத்துக்குக் கீழே எது இருந்தாலும் தோல் உரிக்கும்போது இடிக்கும்.

நான்காம் படி: வெப்பம்

பூச்சிக்குத் தன் உடம்பில் சூடு கிடையாது. வெளியே எவ்வளவு சூடோ அந்த வேகத்தில்தான் அது சாப்பிடும், வளரும், முதுமையடையும். ஒரே முட்டைக்கூட்டிலிருந்து வந்த இரண்டு குஞ்சுகளில் ஒன்றை அம்மாபேட்டையிலும் இன்னொன்றை ஏற்காட்டிலும் வைத்தால், சேலத்துக் குஞ்சுக்கு முன்னதாக இறக்கை வரும், முன்னதாகவே முடிந்தும் போகும். மலைக் குஞ்சு பல வாரம் பின்தங்கி வளர்ந்து, பல வாரம் கூடவே இருக்கும். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். மேலே ஏற ஏற 1,000 மீட்டருக்குச் சுமார் 6 டிகிரி குறையும் என்று வைத்துக்கொண்டால், 20 கொண்டை ஊசி வளைவைத் தாண்டிப் போவதற்குள் 7, 8 டிகிரி வித்தியாசம் வந்துவிடுகிறது. பூச்சிக்கு இது பெரிய மாற்றம். அதனால் ஜாடியை மேலும் கீழும் கொண்டு அலையாதீர்கள். கொண்டுபோயே ஆக வேண்டும் என்றால் சாயங்கால பஸ்ஸில், துணிப்பைக்குள் வைத்து, தோல் உரிக்கும் நாட்கள் இல்லாதபோது போங்கள்.

ஹைரோடூலாவுக்கு 24 முதல் 28 டிகிரி வரை நல்லது. அதனால் சேலத்துக்காரர்களின் கவலை ஏப்ரல், மே. 38, 40 டிகிரி அடிக்கும் நாட்களில் மாடி அறையும் சிமெண்ட் ஷீட் கூரையும் வேண்டாம். தரைத்தளத்தில், தரையிலேயே, ஈரத் துணி போர்த்திய மண் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக ஜாடியில் விழக்கூடாது. மூடிய ஜாடிக்குள் வெயில் பட்டால் கொஞ்ச நேரத்திலேயே வெந்துவிடும். மலைக்காரர்களுக்குக் கவலை நேர்மாறானது. டிசம்பர், ஜனவரி ராத்திரிகளில் குளிர் அதிகமாகும்போது பூச்சி சாப்பிடாமல் மந்தமாக நிற்கும். ஜாடிக்கு வெளியே ஒரு சாண் தள்ளி சின்ன குண்டு பல்ப் ஒன்றை எரியவிடலாம். எல்இடி பல்ப் சூடு தராது, பயனில்லை.

சீக்கிரம் பெரிதாக வேண்டும் என்று சூடு கூட்டி, தினமும் தீனி திணிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பூச்சி வேகமாக வளரும்தான். அந்த வேகத்தை அதன் ஆயுளிலிருந்துதான் எடுக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: கொசு மருந்தும் எறும்பும்

நம் வீடுகளில் கும்பிடுபூச்சி அகாலமாகச் சாவதற்கு இவை முக்கியமான காரணங்கள் என்பது என் உறுதியான கருத்து. கொசுவத்தி, பிளக்கில் சொருகும் திரவம், கொசு ஸ்ப்ரே, எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ், எல்லாவற்றிலும் இருப்பது பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து. கொசுவுக்கு வேலை செய்வது கும்பிடுபூச்சிக்கும் வேலை செய்யும். கால் நடுங்குவது, பின்னால் சாய்ந்து விழுவது, வாயைத் திறந்து திறந்து மூடுவது, இப்படித் தெரிந்தால் உடனே வேறு காற்றோட்டமான அறைக்கு மாற்றுங்கள். பூச்சி இருக்கும் அறையில் ராத்திரி கொசுவலை கட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். தெருவில் கொசுப்புகை அடிக்க வரும் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஜாடியை உள் அறைக்கு எடுத்துப் போய்விடுங்கள்.

எறும்புக்கு மருந்து வேண்டாம், தண்ணீர் போதும். தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன்மேல் ஜாடியை வையுங்கள். தோல் உரித்து மென்மையாக இருக்கும் குஞ்சை எறும்பு கண்டுபிடித்தால் ஒரு ராத்திரியில் ஒன்றும் மிஞ்சாது.

ஆறாம் படி: தீனியும் தண்ணீரும்

உயிருள்ள, அசையும் இரைதான் வேண்டும். புதிதாகப் பொரித்த குஞ்சுக்குப் பழ ஈ. கனிந்த வாழைப்பழத் தோலை பாட்டிலில் போட்டு வைத்தால் தானே வரும். மாம்பழக் காலத்தில் சேலத்து வீடுகளில் இதற்குப் பஞ்சமே இல்லை. பாட்டிலை மூடி இரண்டு நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் ஈக்கள் மந்தமாகிவிடும், ஜாடிக்குள் தட்டிவிடுவது சுலபம். பெரிதாகப் பெரிதாக வீட்டு ஈ, விட்டில், சின்ன வெட்டுக்கிளி, வளர்ப்பு மீன் கடைகளிலும் பறவைக் கடைகளிலும் விற்கும் மீல்வோர்ம் புழு. இரை, கும்பிடுபூச்சியின் உடம்பில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. சமையலறைக் கரப்பானைப் போடாதீர்கள், அது எந்த மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ தெரியாது. மருந்து அடித்த காய்கறித் தோட்டம், காபித் தோட்டத்துப் பூச்சிகளும் அப்படித்தான்.

எத்தனை நாளைக்கு ஒரு முறை என்பதை வயிற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். தட்டையாக ஒட்டியிருந்தால் பசி. உருண்டு திரண்டிருந்தால் போதும், இரண்டு நாள் விடுங்கள். குஞ்சுகளுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், வளர்ந்த பெண்ணுக்கு 2, 3 நாளுக்கு ஒரு முறை, ஆணுக்கு இன்னும் குறைவாக. அளவுக்கு மீறி ஊட்டிய பெண் கனத்து, கூரையிலிருந்து விழுந்தால் வயிறு கிழியும்.

தண்ணீரைத் தினமும் சாயங்காலம் ஸ்ப்ரே பாட்டிலால் ஜாடியின் பக்கவாட்டில் மெல்லியதாகத் தெளியுங்கள், துளிகளை அதுவே குடிக்கும். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். சேலத்துக் கோடையில் காலையிலும் ஒரு முறை தெளிக்கலாம். ஏற்காட்டில் அக்டோபர், நவம்பர் மழையிலும் பனிமூட்டத்திலும் தெளிப்பதைக் குறைத்து, அடியில் உள்ள பேப்பரை அடிக்கடி மாற்றுங்கள். அங்கே பூசணம்தான் எதிரி.

ஏழாம் படி: தோல் உரிக்கும் நாட்கள்

"அண்ணா, ரெண்டு நாளா எதையும் தொடமாட்டேங்குதுங்ணா, சும்மா தலைகீழா தொங்கிட்டே இருக்கு, செத்துருமாங்ணா?" என்று கன்னங்குறிச்சிப் பையன் ஒருவன் பதறிக்கொண்டு கேட்டான். சாகாது. தோல் உரிக்கப் போகிறது. சாப்பாட்டை மறுப்பது, நிறம் கொஞ்சம் மங்குவது, இறக்கை மொட்டு உப்புவது, கூரையை விட்டு நகராமல் இருப்பது, எல்லாம் அதன் அறிகுறிகள். ஹைரோடூலா வாழ்நாளில் ஏழெட்டு முறை இப்படி உரிக்கும், பெண் பெரும்பாலும் ஆணைவிட ஒரு முறை கூடுதலாக. ஒவ்வொரு முறையும் உயிருக்கு ஆபத்தான நேரம்தான்.

அந்த நாட்களில் செய்ய வேண்டியது மிகக் குறைவு. உள்ளே மிச்சமிருக்கும் இரையை எடுத்துவிடுங்கள். புழுவோ வெட்டுக்கிளியோ இருந்தால் மென்மையாக இருக்கும் பூச்சியைக் கடித்துவிடும். லேசாக ஈரம் தெளியுங்கள், காய்ந்த காற்றில் தோல் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஜாடியைத் தொடாதீர்கள், தட்டாதீர்கள், வீடியோ எடுக்க நகர்த்தாதீர்கள். பாதியில் சிக்கிக்கொண்டதைக் கையால் இழுத்துக் காப்பாற்றப் பார்த்தால் பெரும்பாலும் கால் கையோடு வந்துவிடும். உரித்து முடித்த பிறகு ஒரு நாள் முழுக்க தீனி வேண்டாம். கடைசி உரிப்பு என்றால் இறக்கை காய்ந்து இறுக இரண்டு, மூன்று நாள் விடுங்கள்.

ஒரு கால் போய்விட்டாலும் குஞ்சாக இருந்தால் மனம் தளர வேண்டாம். அடுத்தடுத்த உரிப்புகளில் சின்னதாக முளைத்து வரும். இறக்கை வந்துவிட்டால் இனி முளைக்காது, ஆனால் ஒரு கால் இல்லாமலும் மிச்ச வாழ்க்கையை நன்றாகவே வாழும்.

ஒவ்வொரு உரிப்பின் தேதியையும் ஜாடியில் ஒட்டிய டேப்பில் எழுதிவையுங்கள். முக்கியமாக இறக்கை வந்த தேதி. மிச்ச ஆயுளை அந்தத் தேதியிலிருந்துதான் எண்ண வேண்டும்.

எட்டாம் படி: முதுமை

பெண்ணுக்கு இறக்கை வந்து நாலைந்து மாதம் ஆனதும் மாற்றம் தெரியும். பச்சை மங்கிப் பழுப்பாகும். இரையைப் பிடிக்கப் பாய்ந்து தவறவிடும். கால் நுனிகள் ஒவ்வொன்றாக உதிரும், கூரையில் பிடி நழுவும். கண்ணில் நிலையான கருப்புப் புள்ளிகள் வரலாம். ராத்திரியில் கண் முழுக்கக் கருப்பாவது வேறு, அது எல்லா வயதிலும் இயல்பானது, காலையில் தெளிந்துவிடும்.

பலர் இந்தக் கட்டத்தில் "இனி என்ன இருக்கிறது" என்று கவனத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இந்த நேரத்தில்தான் அதற்கு நம் தேவை அதிகம். குஞ்சாக இருந்தபோது உயரம் அதைக் காப்பாற்றியது. இனித் தோல் உரிக்கப் போவதில்லை, அதனால் உயரம் தேவையில்லை, விழுந்தால் அடிபடத்தான் செய்யும். உயரம் குறைந்த, அகலமான டப்பாவுக்கு மாற்றுங்கள். அடியில் மடித்த பருத்தித் துணி விரியுங்கள், அதில் கால் பிடிக்கும். படுத்தவாக்கில் குச்சிகளை வையுங்கள். இரையை உள்ளே விட்டுவிட்டுப் போகாதீர்கள், திருப்பிக் கடிக்கும். மீல்வோர்ம் ஒன்றை நடுவில் வெட்டி, இடுக்கியால் பிடித்து, வெட்டிய பக்கத்தை வாயில் படும்படி காட்டுங்கள். ஈரம் பட்டதும் மெல்லத் தொடங்கும். அதுவும் முடியாதபோது தண்ணீரில் கலந்த தேனில் ஒரு துளி, தீக்குச்சி நுனியில். இப்படிப் பார்த்துக்கொண்டால் பல வாரம் அமைதியாக இருக்கும். ஆணுக்கு இந்தக் கட்டம் மிகக் குறுகியது. சில நாளில் முடிந்துவிடும்.

கடைசி படி: முட்டைக்கூடு

பெண் ஆணோடு சேராவிட்டாலும் முட்டைக்கூடு வைக்கும், அது பொரிக்காது. வைப்பதற்குத் தடிமனான குச்சி இல்லாமல் இருந்தால் திணறும், அதை மறக்காதீர்கள். சேர்க்க ஆசைப்பட்டால், இறக்கை வந்து 2, 3 வாரம் ஆன பெண்ணுக்கு நன்றாகத் தீனி கொடுத்துவிட்டு, ஆணைப் பின்பக்கமாக விடுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். பெண் எப்போதும் ஆணைத் தின்றுவிடும் என்பது சரியல்ல. பசியோடு இருக்கும் பெண்தான் பெரும்பாலும் தின்கிறது.

கூட்டைக் குச்சியோடு எடுத்துத் தனி ஜாடியில் தொங்கவிட்டு, வாரம் சில முறை லேசாக ஈரம் காட்டினால், சேலத்து வெப்பத்தில் 4 முதல் 6 வாரத்தில் பொரிக்கும், மலையில் இன்னும் நாளாகும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கும் மேல் வரலாம். அத்தனைக்கும் பழ ஈ பிடிக்க யாராலும் முடியாது. பத்து, இருபதைத் தனித்தனியாக வைத்துக்கொண்டு, மற்றதை முதல் இரண்டு நாளுக்குள் தாயைப் பிடித்த அதே தோட்டத்தில், செடிக்கு ஒன்றிரண்டாகப் பரவலாக விடுங்கள். ஏற்காட்டில் எடுத்ததைச் சேலத்தில் விட வேண்டாம், சேலத்தில் எடுத்ததை மலையில் விட வேண்டாம். யாரிடமாவது வாங்கிய வெளிநாட்டு வகையாக இருந்தால் ஒன்றைக்கூட வெளியே விடக்கூடாது. வளர்க்க முடியாத கூடுகளைப் பொரிப்பதற்கு முன்பே இரண்டு மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.